பயன்பாட்டுச் சான்றிதழ்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்த தலைப்பு
இருபத்திரண்டு சொல் நீளம்.
'சேர்வராயன் மலை' பதினேழாவதாக வரும்.
வழிகாட்டி இருதயசாமி சார் அதை வாசிக்கும்போது
நடுவில் ஒரு தரம் மூச்சு வாங்குவார்,
கொண்டை ஊசி வளைவில்
கியர் மாற்றுகிற டிரைவர் மாதிரி.

நாகலூரில் பஸ்ஸை விட்டிறங்கி
காப்பித் தோட்டத்துக்குள் அரை மணி நடந்தால்
தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்த தண்ணீர்த் தொட்டி.
நன்கொடையாளர் பெயர் இருந்தது,
திறப்பு விழாத் தேதி இருந்தது,
தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், எல்லாரும் இருந்தார்கள்.
தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்.

நாற்பத்திரண்டு பேரிடம் கேட்டேன்:
திட்டமிடும்போது உங்களைக் கலந்தாலோசித்தார்களா?
முழுமையாக, ஓரளவு, கருத்தில்லை,
அவ்வளவாக இல்லை, அறவே இல்லை.
ஐந்து கட்டத்தில் ஒன்றைத் தொடுங்கள்.
இருபத்தொன்பதாவது ஆள் ராமாயி
பழம் பறித்த பிசுபிசுப்பு விரலால்
ஐந்தையும் தொட்டாள்.
"ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொண்ணு தோணுதுங்க."
தாளில் ஐந்து கறை.
செல்லாத பதில் என்று எடுத்துவிட்டேன்.
நாற்பத்தொன்று ஆயிற்று.

அப்புறம் பதினாறு வருஷம்
வெள்ளைக்கல் குன்று தெரிகிற வகுப்பறையில்
பொறுப்புடைமை நடத்தினேன்.
அரசு நிர்வாகத்தில் பொறுப்புடைமை,
தொண்டு நிறுவனங்களில் பொறுப்புடைமை,
இரண்டாம் பருவத்தில் விருப்பப் பாடமாகவும் அதுவே.
பதவி உயர்வு நேர்காணலில் கேட்டார்கள்,
உங்கள் ஆய்வால் என்ன விளைந்தது?
மேற்கோள் முப்பத்தேழு என்றேன்.
அதில் ஒன்பது நானே என்னை எடுத்தாண்டது.
அன்று துறைக்கே தட்டுவடை செட்.
பீட்ரூட் சிவந்த விரல்களோடு
ஓய்வு பெற்ற இருதயசாமி சார் வந்து கை குலுக்கினார்.

போன மாசி மாதம் மறுபடி அந்த ஊர்.
பதினோரு மாணவர்கள், களப்பயிற்சி.
தொட்டியில் பெயர்கள் உதிர்ந்திருந்தன.
பக்கத்தில் மகளிர் கூட்டமைப்பு:
தகரக் கூரை, ஒரு பீரோ, ஒரு மேசை,
மேசைக்குப் பின்னால் பொருளாளர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு
"அஞ்சு கட்டம் தானுங்களே நீங்க?" என்றாள்.

கணக்கு வெளிப்படையாக இருக்கிறதா என்று
என் மாணவி யாழினி கேட்டதற்கு
பதிவேட்டைத் திருப்பி வைத்தாள்.
மிளகு விற்ற வரவு, லாரி வாடகை,
தொட்டிக்கு வால்வு முந்நூற்று இருபது,
தாசில்தாரைப் பார்க்கப் போன அன்று டீ, பதினெட்டு ரூபாய்.
டீக்கும் ரசீது, குண்டூசி குத்தி.

"நாங்க ஒண்ணு கேக்கறேனுங்க.
நாப்பத்திரண்டு பேரு, ஆளுக்கு ரெண்டு மணி நேரம்,
அதுவும் பழம் பறிக்கிற சீசன்ல.
எம்பத்திநாலு மணி வாங்கிட்டுப் போனீங்க.
சான்று தரலீங்களே?"

அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்கே
முழுமையாகச் செலவிடப்பட்டது எனச் சான்றளிக்கிறேன்:
படிவத்தின் வாசகம் எனக்கு மனப்பாடம்.
வாயில் வந்தது வேறு.
"நாற்பத்தொரு பேர்," என்றேன். பழக்கம்.
"யாருங்க அந்த ஒருத்தர்?"
பதினோரு குறிப்பேடுகளில் பேனா நின்றது.
"நீங்கதான்."

அவள் கோபப்பட்டிருந்தால்
அது எனக்குத் தெரிந்த பாடம்.
கண்ணாடியை இறக்கிக்கொண்டு
பாக்கி என்று ஒரு வரி எழுதினாள். எண்பத்து நான்கு.
பிறகு யோசித்து அதை அடித்தாள்.
"கடசி பையனோட மருந்துச் சீட்டு
படிச்சுச் சொன்னீங்க அன்னிக்கி.
எந்த மாத்திரை எப்பன்னு.
அதுக்கு அரை மணி கழிச்சுக்கலாம்."

எனக்கு நினைவில்லை.
ஆய்வேட்டின் முந்நூற்றுப் பத்துப் பக்கத்தில்,
பின்னிணைப்பில்கூட, அது இல்லை.

எண்பத்து மூன்றரைக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன்.
பதவியும் எழுதவா என்றதற்கு
"ஊரு போதுமுங்க" என்றாள்.
சேலம்
என்று எழுதினேன்.